விளம்பரமா, டாப்-அப்பா, ஒரே விலையா, சந்தாவா? கைபேசி கேமுக்குக் காசு கொடுக்கும் நான்கு வழிகள்

“விளம்பரத்தை எடுத்துவிட 199 ரூபாய் கேட்கிறது, கட்டலாமா?” “பையன் கேமுக்குள் செலவழிக்கும் டைமண்டுக்கு டாப்-அப் கேட்கிறான், மாதம் எவ்வளவு வரை விடலாம்?” “மாதம் 99 ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான கேம்கள் தருகிறார்களாமே, லாபமா?” கைபேசி விளையாட்டு பற்றிப் பேச்சு வந்தால் வாசகர்கள் கேட்பவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஒரு கேமுக்கான காசை எந்த வழியாகக் கொடுப்பது? கொடுக்காமலே ஆடும் வழி அநேகமாக இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. அது பின்னால் வருகிறது.

நம் நாட்டில் இது வீட்டுக்கு வீடு பேசும் விஷயமானது 2016-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த விளையாட்டு, வெளியூர் நண்பர்கள் நான்கு பேரோடு சேர்ந்து ஆடும் விளையாட்டாக மாறியது. 2020 ஊரடங்கில் லூடோ கிங் தாத்தா பாட்டி வரை போய்ச் சேர்ந்தது. கேம் இணையத்தோடு ஒட்டிக்கொண்ட அளவுக்கு, ஆளைப் பார்த்து விளம்பரம் காட்டும் தொழிலும் கேமோடு ஒட்டிக்கொண்டது.

## எதை வைத்து அளப்பது

படத்தின் அழகு, கதையின் சுவை எல்லாம் அவரவர் விருப்பம், அவற்றை விட்டுவிடுகிறேன். நான்கு வழிகளையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

- ஆண்டுக்கு எவ்வளவு? மாதக் கணக்கு எல்லாவற்றையும் மலிவாகக் காட்டும். 99 ரூபாய்ச் சந்தா ஆண்டுக்கு 1,188 ரூபாய்.
- உங்களைப் பற்றி எது வெளியே போகிறது? பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் கேள்விக்கு இரட்டை எடை கொடுங்கள்.
- ஆட்டத்தின் நடுவே எவ்வளவு தொந்தரவு? விளம்பரம் மட்டுமல்ல, “இன்னும் இரண்டு மணி நேரம்தான் இந்தச் சலுகை” என்ற அறிவிப்பும் தொந்தரவுதான்.
- கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்கள்? சேர்ந்து ஆடும் கேமை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் நண்பர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.
- விட்டு விலகினால் கையில் என்ன மிஞ்சும்?

## ஒரு விளம்பரம் திரைக்கு வரும் கதை

வழிகளைப் பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. நீங்கள் பதினான்காம் நிலையில் மிட்டாய்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்போதே, அந்த நிலை முடிந்ததும் வரப்போகும் வீடியோவுக்கான ஏலம் பின்னால் முடிந்திருக்கும். கேமுக்குள் ஆட்மாப், யூனிட்டி ஆட்ஸ், ஆப்லவின் போன்ற விளம்பர வலையமைப்புகளின் நிரல் பொதிந்திருக்கும். அது அனுப்பும் கோரிக்கையில் கைபேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மொழி, ஐபி முகவரியிலிருந்து ஊகித்த ஊர், என்ன கேம் என்பதெல்லாம் இருக்கும். கூடவே விளம்பர அடையாள எண்ணும் போகும். அது உங்கள் பெயர் அல்ல. ஆனால் நேற்று வேறொரு செயலியில் நீங்கள் செய்ததை இன்றைய ஆட்டத்தோடு முடிச்சுப்போட உதவுவது அந்த எண்தான். ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் அதிக விலை கேட்டவருக்கு இடம் கிடைத்துவிடும். வீடியோ உங்கள் டேட்டாவில் முன்கூட்டியே இறங்கிக் காத்திருக்கும்.

அந்த விலையைக் கேட்பவர் யார்? சோப்புக்காரரும் செருப்புக்காரரும் உண்டுதான். ஆனால் சில நாள் கவனித்துப் பாருங்கள்: கேமுக்குள் வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை வேறு கேம்களுக்கானவை. இலவச கேம் ஆடுபவர்களில் மிகச் சிறிய பங்கினர்தான் பணம் செலவழிக்கிறார்கள். அவர்களிலும் சிலர் அள்ளிக் கொட்டுகிறார்கள். தொழிலில் அவர்களைத் திமிங்கிலங்கள் என்பார்கள். அப்படி ஒருவர் சிக்கினால் போதும், ஆயிரம் பேருக்கு விளம்பரம் காட்டிய செலவு திரும்பிவிடும். ஆகவே விளம்பரம் குறிவைப்பது உங்கள் ரசனையை அல்ல, நீங்கள் செலவழிக்கக்கூடியவரா என்ற வாய்ப்பை.

இதனால்தான் “விளம்பரத்தோடு இலவசம்”, “உள்ளே வாங்கலாம், ஆனால் இலவசம்” என்ற இரண்டையும் எதிரெதிர்த் தேர்வுகளாக நான் பார்ப்பதில்லை. ஒரே குழாயின் இரண்டு முனைகள் அவை. இந்த முனையில் உங்கள் கவனம் விற்கப்படுகிறது. அதற்கு அந்த முனையில் விலை கொடுப்பது எங்கோ ஒருவர் செய்த டாப்-அப்.

அந்த அடையாள எண்ணின் மதிப்பு எவ்வளவு என்பது 2021-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஐபோனின் ஐஓஎஸ் 14.5 பதிப்போடு, பிற செயலிகளில் பின்தொடர்வதற்கு முன் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. அதனால் 2022-ல் மட்டும் தன் வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் அடிபடும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது.

## வழி 1: விளம்பரத்தோடு இலவசம்

பணக் கணக்கில் பூஜ்யம். டேட்டா, பேட்டரி, நேரம் மூன்றிலும் செலவு உண்டு.

தொந்தரவு எப்படிப்பட்டது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். நிலை முடிகிறது. முழுத்திரை வீடியோ. ஐந்து வினாடி கழித்து வலது மூலையில் மங்கலாக ஒரு பெருக்கல் குறி. அழுத்தினால் மூடாது, “நீங்களே ஆடிப் பாருங்கள்” என்று ஒரு குட்டி விளையாட்டு திறக்கும். அதை மூடினால் மூன்றாவதாக ஓர் அட்டை. இம்முறை குறி இடது மூலையில், நகக்கண் அளவில். விரல் கொஞ்சம் தவறினால் பிளே ஸ்டோர். பெரியவருக்கு இது எரிச்சல். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது புதிதாக ஒரு செயலி இறங்கும் வழி.

விளம்பரத்தில் காட்டிய விளையாட்டு உள்ளே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஊசிகளை உருவி ஆளைக் காப்பாற்றும் புதிர்களைக் காட்டி ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களுக்கு வந்த விளம்பரங்களை, கேமின் உண்மையான ஆட்டம் அதுவல்ல என்று சொல்லி 2020-ல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. பாணி மட்டும் இன்றைக்கும் ஓயவில்லை.

விளம்பரத்திலும் வகை உண்டு. அடியில் ஓடும் பட்டை தொல்லை குறைந்தது. “வீடியோ பார்த்தால் ஓர் உயிர் கிடைக்கும்” என்ற வகை நீங்கள் கேட்டால்தான் வரும். அது ஓரளவு நாணயமான பேரம். கேட்காமலே நடுவில் பாயும் முழுத்திரை வகைதான் மோசம். அது அடிக்கடி வரும் கேமை நீக்கிவிடுவதே உத்தமம். அதே மாதிரி இன்னொன்று எப்போதும் இருக்கும்.

இனி, விளம்பரத்தை நீக்கப் பணம் கட்டலாமா என்ற கேள்வி. ஒரு கேமை மூன்று மாதமாகத் தினமும் ஆடுகிறீர்கள் என்றால் கட்டுங்கள். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். பல கேம்களில் அந்தப் பணம் நடுவில் பாயும் வகையை மட்டுமே எடுக்கும். பரிசு வீடியோக்கள் அப்படியே இருக்கும். மேலும், “இவர் பணம் கட்டினார்” என்ற தகவலை விளம்பர வலையமைப்புகளுக்குத் திருப்பி அனுப்புவது இந்தத் தொழிலில் சாதாரண நடைமுறை. விளம்பரத்திலிருந்து தப்பக் கட்டிய காசே உங்களைச் செலவழிப்பவர் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடியது: ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விளம்பரங்கள் என்ற பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். ஐபோனில், பின்தொடர அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். விளம்பரத்தின் எண்ணிக்கை குறையாது, குறிவைப்பு குறையும். இணையம் தேவைப்படாத புதிர் என்றால் விமானப் பயன்முறையில் வைத்து ஆடுங்கள்; பெரும்பாலான விளம்பரங்கள் அதோடு நின்றுவிடும்.

யாருக்குப் பொருந்தும்: எப்போதாவது ஆடுபவருக்கு, விடுமுறையில் குடும்பமாக லூடோ ஆடுபவர்களுக்கு. சிறு பிள்ளைக்குப் பொருந்தாது.

## வழி 2: சேர்ந்து ஆடலாம், உள்ளே வாங்கலாம்

பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு), ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் எல்லாம் இந்த வகை. பிற நிறுவன விளம்பரம் குறைவு அல்லது இல்லை. அதனால் இது சுத்தமான தேர்வு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே கேம் நிறுவனமே உங்களைக் கவனிக்கிறது: எத்தனை மணிக்கு வருகிறீர்கள், யாரோடு அணி சேர்கிறீர்கள், எந்தத் தோல்விக்குப் பின் கடைப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பது வரை. அதை வைத்து ஆளுக்கொரு சலுகை காட்டுவதும் உண்டு. சேர்ந்து ஆடும் விளையாட்டில் தகவல் கசிவது விபத்தல்ல. கணக்கும் நண்பர் பட்டியலும் இல்லாமல் அந்த விளையாட்டே நடக்காது.

விலையை நேராக ரூபாயில் சொல்ல மாட்டார்கள். ரூபாயை, கேமுக்குள் மட்டும் செல்லும் யூசி ஆகவோ டைமண்ட் ஆகவோ மாற்ற வேண்டும். நீங்கள் விரும்பிய பொருளின் விலையும் விற்கும் பொட்டலத்தின் அளவும் பொருந்தாது. மிச்சம் நிற்கும். மிச்சம் நிற்பதால் அடுத்த டாப்-அப். ஒரு பருவம் முழுக்க ஆட ஆடப் பரிசு தரும் சீசன் பாஸ் வாங்கினால், காசு வீணாகக் கூடாதே என்று தினமும் ஆடவேண்டியிருக்கும்; பணம் போனது ஒரு முறை, நேரம் போவது இரண்டு மாதம். என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகளை, சூதாட்டச் சட்டத்தின் கீழ் வருவதாகச் சொல்லி பெல்ஜியம் 2018-லேயே தடுத்தது.

திரை வடிவமைப்பு கூடக் காசு பறிக்கும். ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் நிறுவனம், 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது. அதில் 27.5 கோடி குழந்தைகளின் தனியுரிமை தொடர்பான அபராதம். மீதி 24.5 கோடி, குழப்பமான பொத்தான் அமைப்பால் விரும்பாமலே வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தரவேண்டியது.

கையில் என்ன மிஞ்சும்? பப்ஜி மொபைலைக் கேளுங்கள். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. காசு கொடுத்து வாங்கிய ஆடைகளும் துப்பாக்கி வண்ணங்களும் அந்தரத்தில் நின்றன. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். ஓராண்டில் அதுவும் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம்தான் திரும்பியது. நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, சர்வர் ஓடும் வரைக்குமான உரிமையை.

இவ்வளவு சொன்ன பிறகும், பதினேழு வயதுப் பையனின் நண்பர்கள் எல்லோரும் அங்கே இருந்தால் அவனை வேறு கேமுக்கு அனுப்ப முயல்வது வீண். மாலை நேர அரட்டை அங்கேதான் நடக்கிறது. இலவசமாகவே ஆடலாம்; வாங்குபவை பெரும்பாலும் அலங்காரம். “உனக்கு இன்னும் பழைய சட்டைதானா” என்ற கேலிக்காகத்தான் பாதி டாப்-அப் நடக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. தடுப்பதை விட வரம்பு கட்டுவது வேலை செய்யும்: கூகுள் பிளே கிஃப்ட் கோடு ஒன்றை மாதத்துக்கு ஒரு முறை போட்டுவிடுங்கள், கார்டையோ யூபிஐ-யையோ அந்தக் கணக்கில் இணைக்காதீர்கள். இருப்பு தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே “பாதி விலைக்கு டைமண்ட்” என்று விற்கும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். காசும் போகும், கணக்கும் போகும்.

யாருக்குப் பொருந்தும்: நண்பர் கூட்டம் அங்கே இருப்பவருக்கு, வரம்பு கட்டிச் செலவழிக்கத் தெரிந்தவருக்கு.

## வழி 3: ஒரே முறை விலை

மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, 2014-ல் வந்த மான்யுமென்ட் வேலி போன்றவை. காசைக் கொடுத்தோம், ஆடினோம், அவ்வளவுதான். தகவல் கசிவு குறைவு. உங்களைத் திரும்பத் திரும்ப இழுக்க அவர்களுக்குக் காரணமும் குறைவு. எனக்குப் பிடித்த வழி இதுதான், ஒளிக்கவில்லை.

ஏன் இது அரிதாகிவிட்டது? 2016 டிசம்பரில் நிண்டெண்டோ, மரியோவை முதன்முறையாகக் கைபேசிக்குக் கொண்டுவந்து ஒரே விலை வைத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கினார்கள். இலவசமாகக் கிடைத்த தொடக்க நிலைகளை ஆடிவிட்டு, பெரும்பாலானோர் காசு கொடுக்காமல் போய்விட்டார்கள். எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிறுவனமே 2017-ல் சொன்னது.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு. இயங்குதளம் மாறும்போது பழைய கேம் நின்றுவிடலாம்: 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது, புதுப்பிக்கப்படாத, பழைய 32-பிட் முறையில் எழுதிய செயலிகள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின. ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு மாறினால் கூட வராது. விலை கொடுத்தும் உள்ளே கடை வைத்திருக்கும் கேம்களும் உண்டு. மைன்கிராஃப்ட்டே அதற்கு எடுத்துக்காட்டு. சேர்ந்து ஆட வேண்டுமானால் நண்பர்கள் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும், அது நடக்காது.

யாருக்குப் பொருந்தும்: ரயிலில் தனியாக ஆடுபவருக்கு, ஒரு கேமை ஆடி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கமுள்ளவருக்கு.

## வழி 4: மாதச் சந்தா

ஆப்பிள் ஆர்கேட் 2019 செப்டம்பரில் மாதம் 99 ரூபாய்க்கு வந்தது. கூகுள் பிளே பாஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது அதே 99 ரூபாய், ஆண்டுக்கு 889. நெட்ஃபிளிக்ஸ் சந்தாவிலேயே கேம்களும் அடங்கும். ஆர்கேடில் விளம்பரமும் இல்லை, உள்ளே வாங்குவதும் இல்லை. குடும்பப் பகிர்வில் வீட்டில் உள்ளவர்களும் ஆடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் கணக்கு நன்றாகவே வருகிறது.

குறை என்னவென்றால், பிள்ளை கேட்கும் கேம் பட்டியலில் இருக்காது. பிஜிஎம்ஐ-யோ ஃப்ரீ ஃபயரோ இங்கே கிடைக்காது. கேம்கள் வரும், போகும். ஆடிக்கொண்டிருந்தது பட்டியலிலிருந்து விலகினால் சேர்த்த முன்னேற்றமும் போகலாம். இலவச மாதம் முடிந்து தானாகப் பணம் எடுப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பு தகவல் வரும், ஆனால் அந்தக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள்? பிளே பாஸ் என்றால் சேரும் நாளிலேயே ரத்து செய்துவிடுங்கள். இலவசக் காலம் முடியும் வரை பெரும்பாலும் ஆட விடுவார்கள். ரத்து செய்தால் ஆப்பிள் இலவசக் காலத்தை உடனே நிறுத்திவிடக்கூடும், அங்கே காலம் முடிவதற்கு முந்தைய நாள் ரத்து செய்ய நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. இந்த நான்கில் வேறு எதையும் நான் அந்த வயதுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | விளம்பரத்தோடு இலவசம் | உள்ளே வாங்குவது | ஒரே விலை | சந்தா |
|---|---|---|---|---|
| ஆண்டுச் செலவு | பணம் இல்லை; டேட்டா, நேரம் | பூஜ்யம் முதல் எல்லை இல்லாமல் | தெளிவான தொகை | சுமார் 900–1,200 ரூபாய் |
| தகவல் | பல நிறுவனங்களுக்கு | கேம் நிறுவனத்துக்கு, ஆழமாக | குறைவு | குறைவு |
| தொந்தரவு | அதிகம் | சலுகை அறிவிப்புகள் | இல்லை | இல்லை |
| நண்பர்கள் | ஓரளவு | இங்கேதான் | அரிது | அரிது |
| மிஞ்சுவது | ஒன்றுமில்லை | சர்வர் ஓடும் வரை | கேம், இயங்குதளம் மாறும் வரை | கட்டும் வரை |

## விதிவிலக்கு: சதுரங்கம்

2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் உலகப் பட்டம் வென்றபின், பிள்ளைக்கு எந்தச் செயலியில் செஸ் ஆடக் கொடுப்பது என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். செஸ்.காம் இலவசமாக ஆடலாம், விளம்பரம் உண்டு, சந்தா கட்டினால் போகும். லிசெஸ் பிரான்சில் பதிவான லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. விளம்பரம் இல்லை, பின்தொடர்தல் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. உலகம் முழுக்க ஆட்கள் எந்நேரமும் ஆடக் கிடைக்கிறார்கள். இணையத்தில் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் ஆளைப் பின்தொடர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. தொடங்குபவருக்கு இதுதான் என் பதில்.

## சட்டம் எவ்வளவு தூரம் வரும்

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கும் பிரிவு ஒன்றை வைத்திருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் நம் வீடுகளில் பிள்ளை ஆடுவது அப்பாவின் கைபேசியில், அப்பாவின் கணக்கில். அமைப்பைப் பொறுத்தவரை அங்கே இருப்பது நாற்பது வயது ஆண். அவருக்கென்று வரும் கடன் செயலி விளம்பரம் எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணில் விழுகிறது. மேலே சொன்ன நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க் மூலம் பிள்ளைக்குச் சரியான வயதோடு தனிக் கணக்கு திறப்பது அதற்கு முந்தைய வேலை. காசு செலவில்லை, அரை மணி நேரம் ஆகும்.

பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் வகையறாவை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. தமிழ்நாடு 2022-லேயே அதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் நாடு முழுவதும் தடை செய்கிறது. அப்படியொரு விளம்பரம் கேமுக்குள் வந்தால், அந்த கேமையே நீக்கிவிடலாம்.

## நிறுவும் முன்

பிளே ஸ்டோர் பக்கத்தில் கேமின் பெயருக்குக் கீழே “விளம்பரங்கள் உள்ளன”, “செயலிக்குள் வாங்குதல்கள்” என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டும் இருந்தால் குழாயின் இரு முனையும் அங்கே உண்டு என்று பொருள். விவரப் பகுதியைத் திறந்தால், உள்ளே விற்கும் பொருட்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச விலை தெரியும். அதிகபட்சம் பல ஆயிரம் ரூபாய் என்றால் அந்த கேம் யாருக்காகக் காத்திருக்கிறது என்பது புரிந்துவிடும். மூன்றாவதாக, தரவுப் பாதுகாப்புப் பகுதியில் எந்தத் தகவல் பிறரோடு பகிரப்படுகிறது என்ற பட்டியல் இருக்கும். அது கேம் நிறுவனமே எழுதிக்கொடுப்பது. அதிலேயே இடம், சாதன அடையாளம், வாங்கிய வரலாறு என்று நீண்டால், பிள்ளையின் கணக்கில் அதை நிறுவாதீர்கள்.